ஆற்றுக்கு என்ன நிறம்? – மலையை எழுதியவர்களின் வரலாறு

இவ்வாண்டுப் பரிசளிப்பு விழாவை முன்னிட்டு நம் பள்ளியில் ஓவியப் போட்டி ஒன்று நடந்தது. ‘எங்கள் ஊர்’ என்பது தலைப்பு. நடுவராக இருந்து தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஏறக்குறைய எல்லாப் படங்களும் ஒரே அச்சில் வார்த்தவை போலவே இருந்தன. இரண்டு முக்கோண மலைகள். நடுவே சிரிக்கும் சூரியன். கீழே வளைந்து ஓடும் நீல நிற ஆறு. கரையில் ஒரு குடிசை. குடிசைக்குப் பக்கத்தில் ஒரு தென்னைமரம்!

நாலாயிரம் ஐயாயிரம் அடி உயரத்தில் இருக்கும் நம் கேமரன் மலைத் தோட்டத்தில் தென்னை ஏது? சன்னலைத் திறந்தால் தேயிலை. அதற்கு மேலே காடு. காட்டுக்கு மேலே பனிமூட்டம். ஆனாலும் பிள்ளைகள் யாரோ எங்கோ வரைந்த ஊரைத்தான் தங்கள் ஊர் என்று வரைந்திருந்தார்கள்.

ஒரே ஒரு படம் மட்டும் வேறாக இருந்தது. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி வரைந்தது. மலைகள் முக்கோணமாக இல்லை. உருண்டு திரண்டு, வரிவரியாகச் செடிகளோடு இருந்தன. தென்னை இல்லை. ஆனால் ஆறு? தேத்தண்ணி ஊற்றினாற்போலக் காவி கலந்த பழுப்பு நிறம்! வண்ணம் தவறு என்று எண்ணி நான் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன். பிறகு அவளைக் கூப்பிட்டு, “ஆறு நீலமா இருக்கணும்மா, ஏன் இப்படி அடிச்சே?” என்று கேட்டேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “டீச்சர், நம்ம ஆத்த நீங்க நீலமா பார்த்திருக்கீங்களா?”

எனக்கு வாயடைத்துவிட்டது. இந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். பயிற்சிக் கல்லூரிக்குப் போன சில ஆண்டுகள் தவிர இந்த மலையை விட்டு இறங்கியதில்லை. முப்பது வயதைத் தாண்டிய நானும் மழை பெய்த மறுநாள் நம் ஆற்றைப் பழுப்பாகத்தான் பார்த்திருக்கிறேன். என் அம்மாதான் சிறு வயதில் கூழாங்கல் தெரியும் தண்ணீரில் துணி துவைத்ததாகச் சொல்லுவார். கண்ணால் கண்டதை வரைந்த குழந்தைக்கு, புத்தகத்தில் கண்டதைச் சொல்லித் திருத்தப் பார்த்திருக்கிறேன். அந்தத் தவற்றுக்குப் பரிகாரமாகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். மலையையும் மனிதனையும் பற்றி யார் யார் எழுதினார்கள், யார் எழுதாமல் போனார்கள், அதனால் விளைந்தது என்ன என்று சற்றே சிந்திப்போம்.

கபிலரின் 99 பூக்கள்

நிலத்தைப் பார்த்து எழுதுவது தமிழருக்குப் புதிதன்று. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தைப் பிரித்து, அந்தந்த நிலத்துக்குரிய பூ, மரம், பறவை, விலங்கு, தொழில், தெய்வம் அனைத்தையும் கருப்பொருள் என்று வகுத்தவர்கள் நம் முன்னோர். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. அப்படிப் பார்த்தால் நாம் அனைவரும் குறிஞ்சி நில மக்களே!

குறிஞ்சியைப் பாடுவதில் கபிலருக்கு நிகர் கபிலரே என்பர். பத்துப்பாட்டில் ஒன்றான அவருடைய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளைக் கொண்டது. மலைச்சாரலில் விளையாடும் பெண்கள் பறித்துக் குவித்த பூக்கள் என்று 99 பூக்களின் பெயர்களை அதில் அவர் அடுக்கிச் சொல்கிறார். ஏட்டைப் பார்த்து எழுதியிருந்தால் அத்தனை பெயர் வந்திருக்குமா? மலையில் நடந்து, நின்று, பார்த்து, அங்குள்ளவரிடம் கேட்டுத்தானே எழுதியிருக்க வேண்டும்?

மாணவமணிகளே, உங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கும் செடிகளில் எத்தனைக்கு உங்களுக்குப் பெயர் தெரியும்? நான் எண்ணிப் பார்த்தேன். பதினொன்றுக்கு மேல் எனக்குப் போகவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

வரைபடமும் சாலையும்

இனி நம் மலைக்கு வருவோம். 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் ஆங்கிலேய அரசின் நில அளவையாளர் இந்தப் பக்கம் ஏறி வந்து, மலைகள் சூழ்ந்த மேட்டுநிலம் ஒன்றைக் கண்டதாக எழுதிவைத்தார். அந்த இடம் வரைபடத்தில் தெளிவாகக் குறிக்கப்படவில்லை. ஆனாலும் மலை அவர் பெயரையே தாங்கிக்கொண்டது. அவருக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே செமாய், தெமியார் என்னும் பூர்வகுடி மக்கள் இங்கே வாழ்ந்துவந்தார்கள். எந்த ஓடை எங்கே போகிறது, எந்த மரம் எப்போது காய்க்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அவர்கள் காகிதத்தில் எழுதவில்லை. ஆகையால் மலையைக் ‘கண்டுபிடித்தவர்’ கேமரன் என்றாயிற்று. எழுதாதவருடைய அறிவு வரலாற்றில் ஏறுவதில்லை என்பதற்கு நம் மலையே முதல் சாட்சி.

1925-இல் ஜார்ஜ் மெக்ஸ்வெல் என்னும் உயர் அதிகாரி வந்து பார்த்து, மலையை வளப்படுத்தலாம் என்று முனைந்தார். 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அவருக்குத் துணைநின்ற ஏ.பி. மில்ன், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்றவர். 1931-இல் தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை வந்து சேர்ந்தது. 1933-இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது.

இந்தப் பெயர்களும் ஆண்டுகளும் புத்தகங்களில் இருக்கின்றன. காட்டை வெட்டியது யார்? வேரைப் பிடுங்கியது யார்? சரிவில் வரிசை பிடித்துக் கன்று நட்டது யார்? அட்டை கடித்த காலோடு பனியில் நின்று கொழுந்து பறித்தது யார்? நம் பாட்டன் பாட்டிமார்தாம். கங்காணிமார் மூலமாகவும் வேறு வழிகளிலும் தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு ஆள் சேர்த்த முறையை 1938-இல் இந்திய அரசு தடுத்து நிறுத்தியது. அதற்குள் வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று இந்தப் பள்ளி மண்டபத்தில் அமர்ந்திருக்கிறோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். காட்டை அழித்த கைகளும் நம் கைகளே. துரை சொன்னார், கங்காணி ஏவினார், வயிற்றுப்பாட்டுக்குச் செய்தோம் என்பது உண்மை. ஆயினும் மரம் விழுந்தது நம் கோடரியால்தான். அதே கைகள்தாம் பிறகு செடியை நட்டு, மண்ணை அணைத்து, கவ்வாத்து வெட்டி, மலையைப் பச்சையாக நிறுத்தின. மலைக்கும் நமக்கும் உள்ள உறவில் இந்த இரண்டும் இருக்கின்றன.

பாட்டியோடு போன பாட்டு

நம் முன்னோர் எழுதவில்லையே தவிர, பாடினார்கள். கொழுந்து எடுக்கும்போது தெம்மாங்கு, தொட்டிலாட்டும்போது தாலாட்டு, சாவு வீட்டில் ஒப்பாரி. குளிரும் அட்டையும் கங்காணியின் அதட்டலும், கப்பலில் விட்டுவந்த ஊரும் அந்தப் பாட்டுகளில் இருந்தன. மழை எப்போது வரும், எந்தக் கீரையைப் பறிக்கலாம், எந்தப் பறவை கத்தினால் என்ன பொருள் என்பதும் இருந்தது.

என் பாட்டி களையெடுக்கும்போது ஒரு பாட்டுப் பாடுவார். மலையைப் பார்த்து, “நீயும் என்னை மாதிரி நின்னு நின்னு காலு கடுக்கலையா?” என்று கேட்பது போல் அதன் கருத்து. சிறுமியாக இருந்த நான் அதைக் கேட்டுச் சிரிப்பேன். பயிற்சிக் கல்லூரியில் நாட்டுப்புறப் பாடல் பற்றிப் பாடம் நடந்தபோதுதான் அந்தப் பாட்டு எனக்கு நினைவுக்கு வந்தது. விடுமுறைக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தேன். விடுமுறைக்கு முன்பே பாட்டி காலமாகிவிட்டார். கருத்து மட்டும் என்னிடம் மிச்சம். சொல் போச்சு, மெட்டும் போச்சு. இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

இலங்கையிலும் நீலகிரியிலும்

நம்மைப் போலவே தேயிலையோடு வாழ்ந்த தமிழர் இலங்கை மலைநாட்டிலும் நீலகிரியிலும் இருக்கிறார்கள். அங்கே எழுதியவர்கள் உண்டு. இருவரைப் பற்றி நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

ஒருவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1914-இல் இலங்கையின் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்துப் பிள்ளையாக வளர்ந்து, ஆசிரியராகப் பணியாற்றி, தொழிற்சங்கத்தில் ஈடுபட்டு, 1947-இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அடுத்த ஆண்டே அங்கு வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. ‘இந்த மண்ணில் உனக்கு உரிமை இல்லை’ என்று சட்டம் சொன்னபோது, அந்த மண்ணுக்கு உரமான மக்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் கவிதை எழுதினார். 1954-இல் அது நூலாக வந்தது. லயம் லயமாகப் பாட்டுகளைக் கேட்டுத் தொகுத்து, ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் நூலை 1983-இல் வெளியிட்டார். 1984-இல் மறைந்தார். அவர் மட்டும் கேட்டு எழுதாமல் இருந்திருந்தால், என் பாட்டியின் பாட்டுப் போலவே அவையும் போயிருக்கும்.

இன்னொருவர் ராஜம் கிருஷ்ணன். மின்சாரப் பொறியாளரான கணவரோடு நீலகிரியில் வாழ்ந்தபோது, அங்குள்ள படகர் இன மக்களோடு பழகி ‘குறிஞ்சித்தேன்’ என்னும் நாவலை எழுதினார். 1963-இல் வெளிவந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை குறிஞ்சி பூக்கும் கணக்கில் காலத்தை எண்ணிய மக்களின் வாழ்வில், தேயிலையும் பணமும் அணைக்கட்டும் மின்சாரமும் வந்து சேர்ந்தபோது என்னென்ன மாறின என்பதே கதை. வசதி வந்ததையும் சொல்கிறார். பழைய ஒற்றுமை குலைந்ததையும் சொல்கிறார்.

அதே 1963-ஆம் ஆண்டில்தான் நம் ரிங்லெட்டிலும் ஓர் அணை எழுந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆறு நிறம் மாறிய கதை

அதுதான் சுல்தான் அபு பக்கார் அணை. பெர்தாம் ஆற்றை மறித்து ரிங்லெட் ஏரியை உண்டாக்கினார்கள். வடக்கே ஓடும் தெலோம் ஆற்று நீரையும் மலைக்குள் சுரங்கம் வெட்டிப் பெர்தாமில் சேர்த்தார்கள். ஏரி நீர் இன்னொரு சுரங்கம் வழியாகப் பேராக் பக்கம் இறங்கி மின்சாரம் தருகிறது. பகாங் ஆற்றோடு கலந்து கிழக்கே சீனக்கடலுக்குப் போக வேண்டிய நம் மழைநீரில் பெரும்பங்கு, மேற்கே மலாக்கா நீரிணைக்குப் போகிறது. மனிதன் நினைத்தால் ஆற்றின் திசையையே மாற்றலாம்! நம் வீட்டில் விளக்கு எரிவதற்கு இத்தகைய திட்டங்கள்தாம் காரணம் என்பதை மறக்கக் கூடாது.

ஆனால் திசையை மாற்றத் தெரிந்த மனிதனுக்கு மண்ணைத் தடுக்கத் தெரியவில்லை. அடர்ந்த காட்டில் மழைத்துளி இலையில் விழுந்து, கிளையில் வழிந்து, சருகில் ஊறி, மெல்ல ஓடைக்கு வரும். பிரிஞ்சாங் மலை உச்சியில் உள்ள பாசிக்காட்டைப் பாருங்கள். பனித்துளியைக்கூடப் பஞ்சு போல் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. காட்டை வெட்டித் தேயிலை வைத்தால் முதலில் கொஞ்சம் மண் போகும். செடி கவிந்து வேர் பிடித்தபின் அது குறையும். சரிவை இயந்திரத்தால் வெட்டிக் காய்கறிக்கும் பூவுக்கும் கட்டடத்துக்கும் வெறும் மண்ணைத் திறந்துவிட்டாலோ, ஒவ்வொரு மழையும் மண்ணை வாரிக்கொண்டு போகிறது. பிளாஸ்டிக் கூரைமேல் விழும் மழைக்கு ஊறுவதற்கு இடமே இல்லை. ஒரே பாய்ச்சலாய் வாய்க்காலுக்கு ஓடுகிறது. அத்தனை மண்ணும் கடைசியில் வந்து தங்குவது ரிங்லெட் ஏரியில். ஏரி தூர்ந்து, தண்ணீர் நிற்கும் இடம் சுருங்கிவிட்டது. தூர் வாரும் வேலை ஓய்ந்தபாடில்லை.

23.10.2013 அன்று பின்னிரவில், கனமழையால் ஏரி நிரம்பி அணைக் கதவுகள் திறக்கப்பட்டபோது, பெர்தாம் பள்ளத்தாக்கில் சேறும் வெள்ளமும் வீடுகளுக்குள் புகுந்ததையும் உயிர்கள் போனதையும் பெற்றோர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். மறு ஆண்டு நவம்பரில் மீண்டும் வெள்ளம், மண்சரிவு, மீண்டும் சாவு. இந்தப் பழியை ஒருவர் தலையில் மட்டும் போட முடியாது. காய்கறி விளைவிப்பவருக்கும் வயிறு உண்டு. மலிவான முட்டைக்கோசு கேட்பவர்கள் நாமும்தான். ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. ஆறு பழுப்பானது ஒரே நாளிலா? பல ஆண்டுகளாக ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருக்குமே! அதைக் கண்டவர்கள் நம் லயங்களில் இருந்தார்களே! தேதி போட்டு யாராவது குறித்து வைத்தோமா? ஒரு படமாவது வரைந்து வைத்தோமா? இல்லை. நம் பிள்ளைகளும் ஆற்றுக்கு நீல வண்ணமே பூசிக்கொண்டிருந்தார்கள். பூசச் சொல்லிக்கொடுத்தவர்கள் என்னைப் போன்றவர்கள்.

எழுதினால் என்ன ஆகும்?

“எழுதிட்டா மட்டும் மண்ணு நின்னுடுமா டீச்சர்?” என்று பெற்றோர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. எழுத்து மண்ணைத் தடுக்காது, மனத்தைத் தொடும். மனம் மாறினால் கை மாறும்.

அமெரிக்காவில் ராச்சல் கார்சன் என்னும் அம்மையார் பூச்சிமருந்தால் பறவைகள் மடிவதைப் பற்றி 1962-இல் ஒரு நூல் எழுதினார். மருந்துக் கம்பெனிகள் எதிர்த்தன. ஆனால் மக்கள் படித்தார்கள். பத்தே ஆண்டில், 1972-இல், அந்நாட்டில் டி.டி.டி. மருந்துக்குத் தடை வந்தது. நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு சான்று வேண்டுமா? கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கு என்னும் மழைக்காட்டை மூழ்கடித்து ஓர் அணை கட்ட முயன்றபோது, அறிவியலாளரும் ஆசிரியரும் மட்டுமின்றி, சுகதகுமாரி போன்ற கவிஞர்களும் ஊர் ஊராகப் போய்க் கவிதை பாடினார்கள். கவிதைக்கு அணை அஞ்சுமா என்று சிலர் சிரித்திருக்கக்கூடும். அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1985-இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாகத் திறந்துவைக்கப்பட்டது. பாட்டும் எழுத்தும் ஒரு காட்டைக் காத்தன என்றால் அது மிகையாகாது.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள்

இன்று தோட்டத்தில் நம்மவர் தொகை குறைந்து வருகிறது. கூடையோடு நின்ற இடத்தில் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த தோழர்கள் கொழுந்து எடுக்கிறார்கள். நம் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போகிறார்கள். போகட்டும், படித்து உயரட்டும். அதைத்தானே நாம் எல்லாரும் விரும்புகிறோம்? ஆனால் போகுமுன் இந்த மலையைப் பார்த்து எழுதிவிட்டுப் போங்கள். நாம் எழுதாமல் இறங்கிவிட்டால், நூறாண்டுக் காலம் இந்தச் சரிவுகளில் தமிழர் வாழ்ந்ததற்கு மலைக்குக்கூட அடையாளம் தெரியாது.

அடுத்த தவணையிலிருந்து நம் பள்ளியில் ‘மலைக் குறிப்பேடு’ ஒன்று தொடங்கவிருக்கிறோம். நாள்தோறும் இரண்டு வரி போதும். இன்று பனி எத்தனை மணிக்கு விலகியது? ஆறு என்ன நிறத்தில் ஓடியது? எந்தப் பறவை கத்தியது? எந்தச் செடி பூத்தது? பெயர் தெரியாவிட்டால் படம் வரையுங்கள். மாலையில் வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். செடியின் பெயரையும், பழைய பாட்டையும், காடு வெட்டிய கதையையும் அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். “பேச்சுத்தமிழா இருக்கே” என்று கூச்சப்பட வேண்டாம். அதில் சிறந்தவற்றை அடுத்த ஆண்டு மலரில் அச்சிட முயல்வோம்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வேலை முடிந்து அலுத்து வருகிறீர்கள், அறிவேன். பிள்ளை கேள்வி கேட்டால் “போய்ப் படி” என்று விரட்டாதீர்கள். நீங்கள் சொல்வதும் படிப்புத்தான்.

கடைசியாக ஒன்று. அந்த மூன்றாம் ஆண்டு மாணவியின் தாளை மறுபடியும் எடுத்தேன். குறைத்த மதிப்பெண்ணை அடித்துவிட்டுப் புதிதாக இட்டேன். இன்றைய விழாவில் அந்தப் படம் மண்டபச் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. வந்திருக்கும் அனைவரும் ஒரு கணம் நின்று அந்தப் பழுப்பு ஆற்றைப் பாருங்கள். என்றாவது ஒரு நாள், நம் பேரப்பிள்ளைகளில் ஒருவர், புத்தகத்தைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்தே அதற்கு நீல வண்ணம் தீட்ட வேண்டும். அது நம் கையிலும் இருக்கிறது.

பரிசு பெறும் மாணவமணிகளுக்கும், பெறாமல் கைதட்டப் போகும் மாணவமணிகளுக்கும் என் நல்வாழ்த்துகள்!